எடை மேடை முதல் பில் மேசை வரை: டெஸ்க்டாப் மென்பொருள் மக்கர் பண்ணினால் எங்கே பார்ப்பது

ஈரோட்டில் மஞ்சள் குடோன், திருப்பூரில் பனியன் கம்பெனி, கரூரில் பெட்ஷீட் யூனிட், நாமக்கல் பக்கம் கோழித்தீவன மில். நான் மென்பொருள் எழுதிக் கொடுக்கும் இடங்கள் இவைதான். இங்கெல்லாம் டெஸ்க்டாப் மென்பொருளுக்கு இன்னும் வேலை இருக்கிறது. எடை மேடையின் இண்டிகேட்டரும் (எடையைக் காட்டும் பெட்டி) ஸ்டிக்கர் பிரிண்டரும் கேபிள் வழியாகத்தான் கணினியோடு பேசுகின்றன. நெட் போனாலும் லாரி நிற்கக் கூடாது.

ஏதாவது கோளாறு என்றால் போன் வரும். எடை போடுகிறவருக்கு எரர் கோட் தெரியாது, ஆனால் கண்ணால் பார்த்ததை அப்படியே சொல்வார். அந்தப் பேச்சைக் கவனித்துக் கேட்டால் கோடில் எந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு தலைப்பிலும் போனில் வரும் வார்த்தையையே வைத்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் விண்டோஸில் சி ஷார்ப், சி++, பழைய விபி6.

“உங்க லேப்டாப்புல ஓடுதுங்க, இங்க ஓட மாட்டேங்குது”

திறக்கும்போதே ஏதோ ஒரு டிஎல்எல் (மென்பொருளுக்கு வேண்டிய துணைக் கோப்பு) இல்லை என்று பெட்டி வந்தால் அதன் பெயரை எழுத்து விடாமல் படித்துக் காட்டச் சொல்லுங்கள். விசி ரன்டைம் 140 என்று வந்தால் அந்தக் கணினியில் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் போடவில்லை, போட்டால் முடிந்தது. அதே பெயரின் கடைசியில் ‘டி’ எழுத்து ஒட்டியிருந்தால் தப்பு நம்முடையது. பிழை தேட நாம் வைத்துக்கொள்ளும் டிபக் பில்டைத் தூக்கிக் கொண்டு போயிருக்கிறோம். அந்த ‘டி’ போட்ட கோப்பைத் தேடிப் பிடித்து அங்கே காப்பி பண்ணாதீர்கள், அதை வெளியே கொடுக்க உரிமமும் கிடையாது. வெளியே கொடுப்பதற்கான ரிலீஸ் பில்ட் போட்டுக் கொடுங்கள்.

பெட்டியில் 7பி என்று முடியும் எண் வந்தால் 32 பிட்டும் 64 பிட்டும் மோதுகின்றன என்று முதலில் சந்தேகப்படுங்கள். டாட்நெட்டில் இதே கோளாறு ‘பேட் இமேஜ் ஃபார்மட்’ என்ற பெயரில் வரும். ஆக்சஸ் கோப்பில் தரவு வைத்திருக்கும் பழைய மென்பொருளில் இன்னொரு வடிவம் உண்டு: ஜெட் 4.0 ப்ரொவைடர் பதிவாகவில்லை என்று சொல்லும். ஜெட் 32 பிட்டில் மட்டுமே உண்டு. ‘எனி சிபியூ’ என்று பில்ட் செய்தது 64 பிட் விண்டோஸில் 64 பிட்டாக எழுந்து ஜெட்டைத் தேடி ஏமாறுகிறது. ப்ராஜெக்ட்டை ‘எக்ஸ்86’க்கு மாற்றினால் சரியாகிவிடும்.

கையால் டிஎல்எல் போடப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 64 பிட் விண்டோஸில் ‘சிஸ்டம்32’ ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் இருப்பது ‘சிஸ்வாவ்64’ ஃபோல்டரில். பெயர் தலைகீழாக இருப்பதால் நிறையப் பேர் இடம் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

“எடை போடறப்ப ஸ்க்ரீன் அப்படியே நின்னு போகுதுங்க”

அடிக்கடி வரும் புகார் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெருந்துறை பக்கம் ஒரு மஞ்சள் குடோனில் புதிதாக எடை மேடை மென்பொருள் போட்டேன். என் மேசையில் இண்டிகேட்டருக்குப் பதிலாக ஒரு சின்ன ப்ரோக்ராம் எடையை அனுப்பிக் கொண்டிருந்தது, எல்லாம் சுத்தமாக ஓடியது. அங்கே போய் கேபிளைச் சொருகி ‘எடை எடு’ பட்டனை அழுத்தியதும் விண்டோ வெளுத்துப் போய் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று நின்றது. மேடை மேல் லாரி. டிரைவர் இறங்கி வந்து ஜன்னலில் எட்டிப் பார்க்கிறார். எடை போடுகிற அண்ணன், “தம்பி, பேசாம நோட்டுல எழுதிக்கட்டுங்களா?” என்று கேட்டார். எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு கோடைத் திறந்தேன்.

காரணம் ஒரே வரி. சீரியல் போர்ட்டில் ‘ரீட்லைன்’ என்று எழுதியிருந்தேன். டாட்நெட்டில் ரீட்லைன் ‘லைன் ஃபீட்’ எழுத்து வரும் வரை காத்திருக்கும். எவ்வளவு நேரம் என்று நாம் சொல்லாவிட்டால் முடிவே இல்லாமல் காத்திருக்கும். என் மேசையில் இருந்த ப்ரோக்ராம் ஒவ்வொரு எடைக்குப் பின்னும் ‘கேரேஜ் ரிட்டர்ன்’, ‘லைன் ஃபீட்’ இரண்டையும் அனுப்பியது. அந்த இண்டிகேட்டர் கேரேஜ் ரிட்டர்ன் மட்டும்தான் அனுப்பியது. வராத எழுத்துக்காக என் கோட் காத்திருந்தது, அதுவும் திரையைப் பார்த்துக்கொள்ளும் அதே த்ரெட்டில் (மென்பொருளுக்குள் தனியாக ஓடும் வேலை ஓட்டம்).

டெஸ்க்டாப் மென்பொருளில் திரைக்கு ஒரே ஒரு த்ரெட்தான். மவுஸ் க்ளிக், கீபோர்ட், விண்டோவை வரைவது எல்லாம் செய்தியாக வரிசையில் வரும், அந்த த்ரெட் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும். அது வேறு எங்கோ மாட்டிக்கொண்டு சுமார் 5 விநாடி வரிசைப் பக்கம் வராவிட்டால் விண்டோஸ் அந்த விண்டோவை ‘பதில் இல்லை’ என்று முத்திரை குத்திவிடும். மென்பொருள் செத்துப் போகவில்லை, காத்துக்கொண்டிருக்கிறது. எதற்காகக் காத்திருக்கிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

விஷுவல் ஸ்டுடியோவில் ஓட்டும்போது நின்றால் ‘பிரேக் ஆல்’ அழுத்தி மெயின் த்ரெட்டின் கால் ஸ்டாக்கைப் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) பாருங்கள். மேலிருந்து கீழே வரும்போது நம் கோடின் முதல் வரி எதுவோ அங்கேதான் மாட்டியிருக்கிறது. வாடிக்கையாளர் இடத்தில் நின்றால் டாஸ்க் மேனேஜரில் அந்த ப்ராசஸ் மேல் ரைட் க்ளிக் செய்து ‘க்ரியேட் டம்ப் ஃபைல்’ (அந்த நேரத்து நினைவகத்தின் நகல்) கொடுக்கச் சொல்லி, கோப்பை வாங்கி வந்து திறந்தாலும் அதே வரி தெரியும். ‘எண்ட் டாஸ்க்’ அழுத்துவதற்கு முன்னால் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

பலரும் செய்யும் குறுக்கு வழி, லூப்புக்குள் ‘டூ ஈவென்ட்ஸ்’ (வரிசையில் நிற்கும் செய்திகளை நடுவில் எடுத்துப் பார்க்கச் சொல்வது) போடுவது. தயவு செய்து வேண்டாம். திரை அசையும், ஆனால் சேவ் வேலை பாதியில் இருக்கும்போதே இரண்டாவது க்ளிக்கும் உள்ளே வந்துவிடும். ஒரே லாரிக்கு இரண்டு சீட்டு விழும், சாயந்திரம் சரக்குக் கணக்கு இடிக்கும்.

சரியான வழி, படிக்கும் வேலையை வேறு த்ரெட்டுக்குக் கொடுப்பது. சீரியல் போர்ட்டின் ‘டேட்டா ரிசீவ்ட்’ நிகழ்வு ஏற்கெனவே வேறு த்ரெட்டில்தான் வருகிறது. அங்கிருந்து நேராக டெக்ஸ்ட் பாக்ஸில் எடையை எழுதினால் ‘க்ராஸ் த்ரெட்’ எரர் வரும். அதை வாயடைக்க ஒரு செட்டிங் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். ‘பிகின் இன்வோக்’ மூலம் திரையின் த்ரெட்டிடம் வேலையைக் கொடுங்கள்.

‘இன்வோக்’ போட்டாலும் வேலை நடக்குமே என்று கேட்கலாம். நடக்கும், விண்டோவை மூடும் வரை. மூடும்போது திரையின் த்ரெட் போர்ட்டை ‘க்ளோஸ்’ செய்யப் போகும். க்ளோஸ், டேட்டா ரிசீவ்ட் முடியட்டும் என்று நிற்கும். டேட்டா ரிசீவ்டுக்குள் இருக்கும் இன்வோக், திரையின் த்ரெட் வரட்டும் என்று நிற்கும். ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு இரண்டும் நகராது. ‘மூடறப்ப மட்டும் தொங்குதுங்க’ என்று யாராவது சொன்னால் முதலில் இங்கே பாருங்கள். பிகின் இன்வோக் வேலையை வரிசையில் போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடும், அதனால் இந்தப் பூட்டு விழாது. ‘அசிங்க்’ எழுதிவிட்டுத் திரையின் த்ரெட்டில் ‘.ரிசல்ட்’ என்றோ ‘.வெயிட்’ என்றோ கேட்டாலும் இதே மாதிரி பூட்டிக்கொள்ளும். அங்கே ‘அவெயிட்’ தான் மருந்து.

அந்தக் குடோனில் அன்றைக்கு நியூலைன் எழுத்தை மாற்றி, ரீட் டைம் அவுட்டை 2 விநாடி வைத்து ஓட்டிவிட்டேன். த்ரெட்டைப் பிரிக்கும் வேலையை வீட்டுக்கு வந்து ராத்திரி செய்தேன்.

“பன்னண்டு டன் லாரிக்கு நூத்தி இருபத்தி மூணு கிலோ காட்டுதுங்க”

அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். லாரி 12,340 கிலோ. இண்டிகேட்டர் அனுப்புவது 012340. திரையில் 123. முதல் நான்கு எழுத்து 0123 ஒரு முறையும், மீதி 40 அடுத்த முறையும் வந்திருக்கிறது. டேட்டா ரிசீவ்ட் ஒரு முறை அழைக்கப்பட்டால் ஒரு முழு எடை வந்துவிட்டது என்று எந்த உறுதியும் கிடையாது. பாதியும் வரும், ஒன்றரையும் வரும். வந்த எழுத்தையெல்லாம் ஒரு பஃபரில் சேர்த்துக்கொண்டே போய், முடிவு எழுத்து வந்த பிறகு மட்டும் வெட்டி எடுங்கள். சேவ் செய்ய அதுவும் போதாது. தொடர்ந்து சில முறை ஒரே எடை வந்த பிறகுதான் பட்டனைத் திறந்துவிட வேண்டும், லாரி மேடையில் ஆடி அடங்க நேரம் எடுக்கும்.

எண்ணே வராமல் கிறுக்கலாக வந்தால் பாட் ரேட்டும் (அனுப்பும் வேகம்) பாரிட்டியும் (பிழை சோதிக்கும் பிட்) ஒத்துப்போகவில்லை. இண்டிகேட்டர் மெனுவில் இருப்பதைப் பார்த்து அப்படியே வையுங்கள். ஒன்றுமே வராவிட்டால் யுஎஸ்பி கன்வெர்ட்டரை யாராவது பக்கத்து ஓட்டையில் மாற்றிச் சொருகியிருப்பார்கள், காம் எண் மாறியிருக்கும். டிவைஸ் மேனேஜரில் தெரியும். காம் எண் 10 அல்லது அதற்கு மேல் போய்விட்டால் சி++ இல் நேராகப் பெயர் கொடுத்துத் திறக்க முடியாது, பெயருக்கு முன்னால் இரண்டு பின்சாய்வு, ஒரு புள்ளி, இன்னொரு பின்சாய்வு சேர்க்க வேண்டும். 9 வரை ஓடிய கோட் 10இல் படுத்துக்கொள்வது இதனால்தான். ‘அனுமதி இல்லை’ என்று வந்தால் நம் மென்பொருளின் பழைய பிரதியே பின்னால் ஓடிக்கொண்டு போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று டாஸ்க் மேனேஜரில் பாருங்கள்.

“சாயந்திரம் ஆச்சுன்னா பட்டனெல்லாம் கறுப்பாயிருதுங்க”

திருப்பூரில் பார்கோட் ஸ்டிக்கர் அடிக்கும் இடத்தில் வந்த புகார். காலையில் நன்றாக ஓடும். ஆயிரக்கணக்கில் ஸ்டிக்கர் அடித்த பிறகு பட்டன் பாதி வரைந்து நிற்கும், எழுத்து காணாமல் போகும், கடைசியில் ‘ஜிடிஐ ப்ளஸ்’ (விண்டோஸில் திரையில் வரையும் பகுதி) எரர் கொடுத்து விழும். மூடித் திறந்தால் மறுபடி நன்றாக ஓடும்.

‘மூடித் திறந்தால் சரியாகிறது, நேரம் ஆக ஆகக் கெடுகிறது’ என்ற இரண்டும் சேர்ந்து வந்தால் எதையோ எடுத்துத் திருப்பி வைக்காமல் விடுகிறோம். டாஸ்க் மேனேஜரில் டீட்டெயில்ஸ் பக்கம் போய் ‘ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ்’ என்ற நெடுவரிசையைச் சேர்த்து, ஒவ்வொரு ஸ்டிக்கர் அடிக்கும்போதும் எண் ஏறுகிறதா பாருங்கள். ஒரு ப்ராசஸுக்கு விண்டோஸ் வழக்கமாகக் கொடுப்பது 10,000 தான். என் கோடில் பார்கோட் படத்திலிருந்து ‘கெட் ஹெச்பிட்மேப்’ வாங்கிய ஒவ்வொரு முறையும் ஒன்று ஏறியது. ஸ்டிக்கருக்கு மூன்று இடத்தில் வாங்கியிருந்தேன். 3,300 ஸ்டிக்கர் தாண்டியதும் கதை முடிந்தது. பிட்மேப்பை டிஸ்போஸ் செய்தால் இந்தக் கைப்பிடி விடுபடாது, ‘டெலிட் ஆப்ஜெக்ட்’ தனியாக அழைக்க வேண்டும். சி++ இல் பேனா, ப்ரஷ், ஃபான்ட் எதை உண்டாக்கினாலும் இதே விதி. அழிக்கும் முன் பழையதை ‘செலக்ட் ஆப்ஜெக்ட்’ செய்து திருப்பி வைத்துவிட வேண்டும்.

“ராத்திரி போட்ட சீட்டைக் காணோமுங்க”

பகல் ஷிஃப்டுக்கு ஒருவர், ராத்திரி ஷிஃப்டுக்கு ஒருவர். இருவரும் ஒரே கணினியில் தனித்தனி விண்டோஸ் பெயரில் நுழைகிறார்கள். ராத்திரி போட்ட சீட்டு காலையில் இல்லை. அடுத்த ராத்திரி அவர் திறந்தால் எல்லாம் இருக்கிறது. யாரோ அழிக்கிறார்கள் என்று ஒருவரை ஒருவர் சந்தேகப்படும் அளவுக்குப் போன இடத்தையும் பார்த்திருக்கிறேன். யார் மேலும் தப்பு இல்லை என்று அவர்களிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

டேட்டாபேஸ் கோப்பு ‘ப்ரோக்ராம் ஃபைல்ஸ்’ உள்ளே இருக்கிறதா பாருங்கள். விஸ்டா காலத்திலிருந்து அங்கே சாதாரண பயனர் எழுத முடியாது. ஆனால் விபி6 மாதிரி மேனிஃபெஸ்ட் (தனக்கு என்ன அனுமதி வேண்டும் என்று சொல்லும் குறிப்பு) இல்லாத பழைய 32 பிட் மென்பொருள் உடைந்துவிடக் கூடாது என்று, எழுதுவதை விண்டோஸ் சத்தமில்லாமல் வேறு இடத்துக்குத் திருப்பிவிடும். அந்தந்தப் பயனரின் ஆப்டேட்டா, லோக்கல், அதற்குள் ‘வர்ச்சுவல் ஸ்டோர்’. அங்கே போய்ப் பார்த்தால் இரண்டு பேருக்கும் இரண்டு டேட்டாபேஸ் வளர்ந்திருக்கும். இரண்டையும் காப்பி எடுத்துச் சேர்த்துவிட்டு, கோப்பை ‘ப்ரோக்ராம் டேட்டா’வின் கீழ் ஒரு ஃபோல்டருக்கு மாற்றி, எல்லாப் பயனருக்கும் எழுத அனுமதி கொடுங்கள். இதே மென்பொருளை 64 பிட்டில் திருப்பி எழுதினால் இந்தத் திருப்பிவிடுதல் நடக்காது, நேராக ‘அனுமதி இல்லை’ என்று நிற்கும். ஒளிந்திருந்த கோளாறு அப்போதுதான் வெளியே வருகிறது.

“தமிழ்ல பேரு கட்டம் கட்டமா வருதுங்க”

கட்டமா, கேள்விக்குறியா, கிறுக்கலா என்று திருப்பிக் கேளுங்கள். மூன்றும் வேறு வேறு நோய். கட்டம் வந்தால் தரவு பத்திரமாக இருக்கிறது, அந்த இடத்தில் தமிழ் எழுத்துரு மட்டும் இல்லை. கேள்விக்குறி வந்தால் தரவே போய்விட்டது. ‘வார்ச்சர்’ வகை நெடுவரிசையில் சேமித்திருப்பீர்கள், ‘என்வார்ச்சர்’ ஆக மாற்ற வேண்டும், எஸ்க்யூஎல் சர்வரில் சரத்துக்கு முன் ‘என்’ எழுத்தும் போட வேண்டும். தலையில் கோடு போட்ட சின்ன ‘ஏ’வும், வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட பதிவுக்குறியும் திரும்பத் திரும்ப வந்தால் அது யூடிஎஃப் 8 தமிழ். படிக்கிறவர் அதை ஆங்கிலக் கோட் பேஜ் என்று நினைத்துப் படித்திருக்கிறார். தரவு உயிரோடுதான் இருக்கிறது, படிக்கும் இடத்தைத் திருத்தினால் போதும்.

ஊர்ப்பெயர் பாதியில் வெட்டினால் நெடுவரிசையின் நீளத்தைப் பாருங்கள். கோபிசெட்டிபாளையம் நம் கண்ணுக்கு 9 எழுத்து. யூனிகோடில் 17 குறியீடு, யூடிஎஃப் 8இல் 51 பைட். பத்து போதும் என்று வைத்த நெடுவரிசை இங்கே நிரம்பிவிடும். ‘கோ’வை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைச் சுழியும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம் என்பதால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு ‘கோபி’ தேடலில் ஒத்துப்போகாமல் போகும். சேமிக்கும் முன் ‘நார்மலைஸ்’ செய்துவிடுங்கள்.

“ஆடிட்டர் கணக்குக்கும் நம்ம பில்லுக்கும் ஒரு ரூபா இடிக்குதுங்க”

எல்லா பில்லிலும் இடிக்கிறதா, சிலதில் மட்டுமா என்று கேளுங்கள். சிலதில் மட்டும் என்றால் இடிக்கும் பில்களின் பைசாவைப் பாருங்கள், 50 ஆக இருக்கும். டாட்நெட்டின் ‘மேத் ரவுண்ட்’ சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படை பக்கம் தள்ளும். 12,346.50 அங்கே 12,346 ஆகும், எக்செல்லில் 12,347 ஆகும். 12,347.50 இரண்டிலும் 12,348. ஜிஎஸ்டி சட்டத்தின் 170ஆம் பிரிவு வரித் தொகையில் 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் முழு ரூபாயாக உயர்த்தச் சொல்கிறது. ரவுண்ட் அழைக்கும்போது ‘அவே ஃப்ரம் ஸீரோ’ என்று சேர்த்துக் கொடுங்கள்.

பணத்தை ‘ஃப்ளோட்’, ‘டபுள்’ எதிலும் வைக்காதீர்கள், ‘டெசிமல்’ இருக்கிறது. 1.005ஐ டபுளில் 100ஆல் பெருக்கினால் 100.5 வராது, 100.49999999999999 வரும். ஃப்ளோட்டில் 1,67,77,216 ரூபாயோடு ஒரு ரூபாய் கூட்டினால் அதே 1,67,77,216 தான் நிற்கும். சீசன் நேரத்தில் மஞ்சள் கமிஷன் மண்டிக் கணக்கு அந்தத் தொகையைத் தாண்டும்.

“பன்னண்டாந் தேதி வரைக்கும் நல்லா ஓடுச்சுங்க”

புதுக் கணினி வாங்கினீர்களா என்று கேளுங்கள். விண்டோஸில் அமெரிக்க முறை தேதி இருக்கும், மாதம் முன்னால். 13ஆம் தேதியை 13ஆம் மாதமாகப் படித்து விழுகிறது. விழுந்தது நல்லதாகப் போயிற்று. 1 முதல் 12 வரை போட்ட பில்கள் விழாமல் தேதியும் மாதமும் இடம் மாறிப் பதிவாகியிருக்கும், அவற்றை முதலில் திருத்துங்கள். அப்புறம் கோடில் தேதியைச் சரமாக ஒட்டி எஸ்க்யூஎல் எழுதிய இடத்தையெல்லாம் பாராமீட்டருக்கு மாற்றுங்கள். கன்ட்ரோல் பேனலில் தேதி முறையை மாற்றிவிட்டு வந்தால் அடுத்த கணினி வாங்கும்போது இதே போன் வரும்.

“எந்த நேரத்துல மூடிக்குதுன்னே தெரியறதில்லீங்க”

ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவைத் திறந்து 1000 என்ற எண்ணும், டாட்நெட் என்றால் 1026 என்ற எண்ணும் இருக்கும் வரியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எந்த மாட்யூலில் விழுந்தது, எந்த எக்ஸெப்ஷன் என்பது அதில் இருக்கும்.

சி++ மென்பொருள் டிபக்கில் ஓடி ரிலீஸில் மட்டும் விழுந்தால் மதிப்பு வைக்காத மாறியைத் தேடுங்கள். டிபக்கில் ஓட்டும்போது ஒரு பாயிண்டரில் ‘சிடி சிடி சிடி சிடி’ என்று தெரிந்தால் ஹீப்பில் வாங்கி நிரப்பாத இடம். ‘சிசி’ வரிசை என்றால் ஸ்டாக்கில் நிரப்பாத மாறி, ‘டிடி’ வரிசை என்றால் ஏற்கெனவே விடுவித்துவிட்ட இடம். ரிலீஸில் இந்த அடையாளங்கள் இருக்காது, அங்கே என்ன கிடந்ததோ அதுதான் மதிப்பு.

எப்போதாவது ஒரு முறை விழுவதைப் பிடிக்க ரெஜிஸ்ட்ரியில் விண்டோஸ் எரர் ரிப்போர்டிங்கின் கீழ் ‘லோக்கல் டம்ப்ஸ்’ கீயைப் போட்டு வையுங்கள். விழும்போதெல்லாம் டம்ப் கோப்பு தானாக ஒரு ஃபோல்டரில் சேரும், வாரம் ஒருமுறை போய் எடுத்துக்கொள்ளலாம். கூடவே, வாடிக்கையாளருக்குக் கொடுத்த ஒவ்வொரு பில்டின் பிடிபி கோப்பையும் (முகவரியைக் கோட் வரியோடு இணைத்துக் காட்டுவது) தேதி போட்டு எடுத்து வையுங்கள். அதே கோடை மறுபடி பில்ட் செய்து வரும் பிடிபி பழைய டம்புக்குப் பொருந்தாது, டிபக்கர் ஏற்றுக்கொள்ளாமல் வெறும் முகவரிகளைக் காட்டும்.